அப்பாவின் நினைவு மலர்: பட்டாளமா, சேவுக்கடையா, எதற்கு எவ்வளவு இடம்?

கரிசல்மகள்:

எல்லோருக்கும் வணக்கம். சாத்தூரில் சேவுக்கடை வைத்திருந்த என் அப்பா சமீபத்தில் காலமானார். வயது 89. முதலாமாண்டு நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு மலர் அச்சிடலாம் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். எழுதும் பொறுப்பு எனக்கு. இரண்டு விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும்.

முதல் விஷயம் தகவல். அப்பா 1955-ல் மெட்ராஸ் சப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவில், சேர்ந்தார். தச்சு வேலை தெரியும் என்பதால் தச்சர் பிரிவிலேயே எடுத்துக்கொண்டார்கள். 1976-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். டிரங்குப் பெட்டியில் ஐந்து மெடல் இருக்கின்றன. இரண்டு நட்சத்திர வடிவம், மூன்று வட்டம். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காணோம். ஒரே ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ் மட்டும் கிடைத்தது, அதில் ராணுவ எண் தெளிவாக இருக்கிறது. 1971 போரில் பசந்தர் ஆற்றுச் சண்டையில் அப்பா இருந்தார் என்று அண்ணன்கள் இருவரும் அட்டையிலேயே "பசந்தர் போர் வீரர்" என்று போடச் சொல்கிறார்கள். அப்பா வாயிலிருந்து பட்டான்கோட், ஜம்மு என்ற பெயர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். பசந்தர் என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இதை எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டாவது விஷயம்தான் வீட்டில் சண்டையாக இருக்கிறது. மலர் முழுக்கப் பட்டாளத்துக் கதையாக இருக்க வேண்டும், கடையைப் பற்றிக் கடைசியில் ஒரு பக்கம் போதும் என்கிறார் மூத்த அண்ணன். "சேவு வித்ததை எல்லாம் யாரும்மா படிக்கப் போறா?" என்று கேட்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பா சீருடையில் இருந்தது 21 வருடம். அடுப்பு முன்னால் நின்றது 1977 முதல் ஏறக்குறைய நாற்பது வருடம். நான் பிறந்தது அவர் பட்டாளத்தை விட்டு வந்த பிறகு. எனக்குத் தெரிந்த அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் ஈரத் துண்டோடு, கடலெண்ணெய் வாசத்தோடு இருந்தவர்.

சாத்தூர் காராசேவு சாப்பிட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அது எப்படி வருகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. கடலை மாவோடு கொஞ்சம் அரிசி மாவு சேர்த்து, வத்தலும் பூண்டும் அரைத்த விழுதும் உப்பும் போட்டுத் தளரப் பிசைய வேண்டும். சட்டியின் குறுக்கே மரச்சட்டம். அதன் மேல் கண் வைத்த பெரிய இரும்புக் கரண்டி. மாவு உருண்டையை அதன் மேல் வைத்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் சேவு ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் விழும். கீழே எண்ணெய் கொதிக்கும், அனல் நேராக முகத்துக்கு வரும், கை மட்டும் ஒரே வேகத்தில் போய் வர வேண்டும். நுரை அடங்குகிற சத்தத்தை வைத்தே அப்பா பதம் சொல்வார். அரித்து மூங்கில் தட்டில் கொட்டி, சூடு முழுசாக ஆறின பிறகுதான் டின்னில் அடைக்க விடுவார். அவசரப்பட்டு மூடினால் உள்ளே வேர்த்து நமுத்துப் போகும். அந்த மரச்சட்டமும் கரண்டியின் புளியமரக் கைப்பிடியும் அவரே செதுக்கியது. தச்சு வேலை கடைசி வரை கைவிட்டுப் போகவில்லை.

எடை விஷயத்திலும் ஒரு பழக்கம் வைத்திருந்தார். அப்போது சேவைப் பனை ஓலைக் கொட்டானில்தான் கட்டிக் கொடுப்போம். கொட்டானோடு சேர்த்து எடை போட்டால் ஓலையின் எடைக்கும் சேவு விலை வந்துவிடும் இல்லையா? அதனால் எடைக்கல் இருக்கும் தட்டில் எப்போதும் ஒரு காலிக் கொட்டான் கிடக்கும். முள் நேராக நின்ற பிறகு ஒரு பிடி கொசுறு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எடை போடுவது என் வேலை. காலிக் கொட்டானை வைக்க மறந்தால், எவ்வளவு கூட்டம் நின்றாலும் கட்டினதைப் பிரித்துத் திரும்பப் போடச் சொல்வார்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மனுஷனின் வாழ்க்கையை எழுத முடியுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய சப்பர்:

அம்மா, முதலில் உங்கள் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபம். நானும் சப்பர்தான், உங்கள் அப்பாவுக்கு ரொம்ப ஜூனியர். பெங்களூருவில் அல்சூர் ஏரிப் பக்கம் பயிற்சி பெற்ற எங்கள் எல்லோருக்கும் "தம்பி" என்றுதான் பெயர். உங்கள் அப்பாவும் ஒரு காலத்தில் அங்கே தம்பியாக ஓடியிருப்பார்.

மெடல்களைப் பற்றி: ஒவ்வொன்றின் விளிம்பையும் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எண், பதவி, பெயர் பொறித்திருப்பார்கள். ஜெராக்ஸில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். தயவுசெய்து பாலீஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். நட்சத்திரம் இரண்டு என்றால் ஒன்று 1965 போர்முனைக்கான சமர் சேவா ஸ்டாராக இருக்கலாம். மற்றது 1971-க்கானது, கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு முனை என்றால் பஸ்சிமி ஸ்டார். இந்தி படிக்கத் தெரிந்தவரிடம் காட்டினால் உடனே தெரிந்துவிடும். வட்டமானவை 1965-ன் ரக்ஷா மெடல், 1971-ன் சங்ராம் மெடல், சுதந்திரத்தின் 25-ம் ஆண்டுக்காக 1972-ல் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்த மெடல் ஆகியவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பசந்தர் விஷயத்தில் நிதானமாக இருங்கள். அங்கே இருந்தது மெட்ராஸ் சப்பர்ஸின் 9-வது என்ஜினியர் ரெஜிமென்ட். 1971 டிசம்பர் 15 இரவு, ஷகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டிக் கண்ணிவெடி வயலில் டாங்கிகளுக்குப் பாதை திறந்தார்கள். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது தரையை அங்குலம் அங்குலமாகச் சோதித்து, அகற்றி, சுத்தமான பாதைக்கு அடையாளம் வைத்துக்கொண்டே போகிற வேலை அது. அந்த ரெஜிமென்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அங்கே உயிரிழந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா. பாதை முழுசாகத் தயாராவதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவின் டாங்கிகள் அதில் நுழைந்து போயின. மறுநாள் அந்தப் பிரிவின் இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்ரா பெற்றது அந்தப் போரில்தான்.

ஆனால் 1971-ல் மெட்ராஸ் சப்பர் யூனிட்டுகள் பல இடங்களில் இருந்தன. பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை என்று மட்டும்தான் சொல்ல முடியும். எந்த யூனிட் என்பதை ஆவணம்தான் சொல்ல வேண்டும். பெங்களூருவில் உள்ள எம்.ஈ.ஜி. (மெட்ராஸ் என்ஜினியர் குரூப், சப்பர்ஸின் முறையான பெயர்) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு ராணுவ எண், பெயர், தாத்தா பெயர், சொந்த ஊர், பென்ஷன் ஆணையின் நகல், இறப்புச் சான்று, நீங்கள் வாரிசு என்பதற்கான சான்று எல்லாம் வைத்து எழுதுங்கள். விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாகப் போனால் கடிதம் எழுதவும் உதவுவார்கள். பதில் வரும் வரை அட்டையில் பசந்தர் வேண்டாம். அங்கே நின்று செத்தவர்களின் பெயரோடு சேரும் விஷயம் அது.

அம்மா இருக்கிறார்கள் என்றால், மலருக்கு முன்னால் குடும்ப ஓய்வூதியத்தைப் பாருங்கள். இறப்பைத் தெரிவித்து, ஸ்பர்ஷில் (ராணுவ ஓய்வூதியத்துக்கான இணையதளம்) அம்மா பெயருக்கு மாற்றும் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். பதிவில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ள மாதிரி இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போகும்.

வைப்பாற்றங்கரை:

அக்கா, நீங்கள் சொல்வது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த பட்டாளத்தார் கடைதானே? அப்படியானால் உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். நான் பாலிடெக்னிக் படித்த காலத்தில் வாரம் தவறாமல் வாங்குவேன்.

அவருக்கு வலது காது கேட்காது. புதிதாக வருகிறவர்கள் வலது பக்கம் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். பழகினவர்கள் சுற்றிப் போய் இடது பக்கம் நிற்பார்கள். ஒரு நாள் காது எப்படிப் போனது என்று கேட்டேன். பாறைக்கு வெடி வைத்து ரோடு போட்டபோது போனது என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, "கால் கிலோவா, அரைக் கிலோவா?" என்று கேட்டார்.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்குப் போகிற பையன்கள் அவரைப் பார்க்காமல் பஸ் ஏற மாட்டார்கள். நானும் ஒரு தடவை போனேன். என் கால் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தார். "தட்டைப் பாதம் இல்ல, தைரியமா போ" என்றார். முதல் நாள் ராத்திரி என்ன சாப்பிட வேண்டும், ஓட்டத்தில் முதல் சுற்றிலேயே மூச்சைச் செலவழிக்கக்கூடாது என்றெல்லாம் சொன்னார். ஒரு கொட்டான் சேவு கொடுத்தார், காசு வாங்கவில்லை. மருத்துவச் சோதனையில் கண் பார்வையால் தள்ளுபடி ஆகித் திரும்பி வந்தேன். அன்றைக்கும் ஒரு கொட்டான் கொடுத்தார், அதற்கும் காசு வாங்கவில்லை. இப்போது லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த இரண்டாவது கொட்டானை நான் மறக்கவே இல்லை. மலரில் கட்டாயம் எழுதுங்கள்.

முன்னாள்படை:

நான் உங்கள் அண்ணன் பக்கம். சேவு போடுகிறவர்கள் சாத்தூரில் இன்றைக்கும் இருக்கிறார்கள். 1965-ஐயும் 1971-ஐயும் களத்தில் பார்த்த சிப்பாய்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள். அதிகாரிகள் புத்தகம் எழுதினார்கள், ஹவில்தார்கள் எழுதவில்லை. அவர் சொன்ன சின்னச் சின்ன விஷயத்தைக்கூட இப்போது எழுதாவிட்டால் போயே போய்விடும். கடையை ஊரே அறியும். பட்டாள வாழ்க்கை உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

தேனீர் நேரம்:

கேள்வியைப் படித்தேன். ஒரு விஷயம் மனசில் தட்டுகிறது. அப்பா 21 வருடம் வெளியே இருந்தார், அப்புறம் கடை வைத்தார். இரண்டு இடத்திலும் உங்கள் அம்மா எங்கே இருந்தார்கள்? பட்டாளத்துக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் அப்பா வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வரும் விருந்தாளி, அம்மாதான் குடும்பம்.

கரிசல்மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

பழைய சப்பர் ஐயா, நீங்கள் சொன்னபடி மெடல்களைப் பார்த்தோம். ஐந்திலும் அப்பாவின் எண்தான். இந்தி டீச்சர் ஒருவரிடம் காட்டினேன், நட்சத்திரங்கள் சமர் சேவா, பஸ்சிமி. வட்டமானவையும் நீங்கள் சொன்ன மூன்றேதான். பசந்தர் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு அண்ணன்களுக்கும் வாசித்துக் காட்டினேன். மேஜர் இறந்துபோன இடத்தைப் படித்ததும் மூத்தவர், "சரி, ஆபீஸ்ல இருந்து பதில் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். விண்ணப்பம் தயாராகிறது. அம்மா பெயர் பென்ஷன் ஆணையில் வீட்டில் கூப்பிடும் பெயராகப் பதிவாகியிருக்கிறது, ஆதாரில் முழுப் பெயர். அதற்கும் சேர்த்து விருதுநகர் போகப் போகிறோம். நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது.

வைப்பாற்றங்கரை தம்பி, அதே கடைதான். முகாமுக்குப் போகிற பையன்கள் வருவது எனக்குத் தெரியும். திரும்பி வந்தவர்களுக்கும் கொடுத்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி. அம்மாவிடம் சொன்னேன். அழுதுவிட்டார்கள். உங்கள் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

முன்னாள்படை ஐயா, ஹவில்தார்கள் எழுதவில்லை என்று நீங்கள் சொன்னது சரியான பேச்சு. அப்பா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசவே மாட்டார் என்று இல்லை. பெய்லி பாலத்தைப் பற்றி, அதாவது இரும்புப் பேனல்களைக் கோத்துக் கட்டுகிற ராணுவப் பாலத்தைப் பற்றி, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஒரு பேனல் 10 அடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ, ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். "ஆறு பேரும் ஒரே மாதிரி மூச்சு விடணும், ஒருத்தன் காலு தப்புனா அஞ்சு பேருக்கும் அடி" என்பார். ஆணிகளை அடித்துப் பூட்டி, கரையிலிருந்தே உருளைகள் மேல் தள்ளித் தள்ளி ஆற்றின் மேல் பாலம் நீண்டு போவதைக் கையால் காட்டுவார். முதல் லாரி ஏறும்போது கட்டினவர்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். இதெல்லாம் மலரில் முழுசாக வரும்.

ஆனால் "கடையை ஊரே அறியும்" என்பதை நான் ஏற்கவில்லை. ஊர் அறிந்தது சேவு மட்டும்தான். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு ஜனம் திரண்டு வரும் நாட்களில் கடைக்குள்ளே என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியாது. அந்த வாரம் சீமைக்கருவேல் விறகு வண்டி வண்டியாக வந்து இறங்கும். அடுப்பு அணையாது. அப்பா ஆட்களை இரண்டாகப் பிரித்துவிடுவார். ஒரு கூட்டம் தேய்க்கும்போது இன்னொரு கூட்டம் தூங்கியே ஆக வேண்டும். விழித்துக்கொண்டு கதை பேசினால் சத்தம் போடுவார். தூக்கக் கலக்கத்தோடு எண்ணெய்ச் சட்டிப் பக்கம் யாரையும் விட மாட்டார். கொதிக்கிற சட்டியை இறக்கும்போது இரண்டு பேர் பிடிப்பார்கள், அவர் "ஏக், தோ" என்று எண்ணின பிறகுதான் தூக்க வேண்டும். அத்தனை வருடத்தில் அந்தக் கடையில் யாருக்கும் பெரிய தீக்காயம் கிடையாது. பலகாரக்கடை நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். பாலம் கட்டின ஹவில்தாரும் சேவு போட்ட பட்டாளத்தாரும் எனக்கு இரண்டு ஆள் இல்லை. அதனால்தான் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை எழுத என்னால் முடியவில்லை.

ஒரு தடவை வெளியூர்க் கம்பெனி ஒன்று வந்து, அச்சடித்த கவரில் தங்கள் பெயரில் விற்க மொத்தமாகச் சரக்கு கேட்டது. நல்ல பணம். ஆனால் விலை கட்டுப்படியாக வேண்டுமென்றால் கடலெண்ணெயை விட்டுவிட்டு மலிவான எண்ணெய்க்கு மாற வேண்டும். அப்பா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன்களுக்கு அப்போது வருத்தம்தான். எனக்கு இன்றைக்கும் அது சரியாகவே படுகிறது.

தேனீர் நேரம், உங்கள் கேள்விக்கு என்னிடம் நீண்ட பதில் இருக்கிறது. அம்மாவுக்கு மலரில் தனிப் பகுதியே வைத்திருக்கிறேன். கேள்வி நீளுமே என்றுதான் முதல் பதிவில் எழுதவில்லை. அந்தச் சேவின் பக்குவமே அம்மா வீட்டுச் சொத்து. தாய்மாமா ஊரில் பெரிய கடை ஒன்றில் சரக்கு மாஸ்டராக இருந்தார். அப்பாவுக்குச் சேவு தேய்க்கக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். நாற்பது வயதில் மைத்துனரிடம் எடுபிடியாக நின்று கற்றுக்கொண்டார். அதற்கு முன்னால் வருடக் கணக்கில் மணியார்டர் பணத்தை வைத்து அண்ணன்களைப் படிக்க வைத்தது, மாமனார் மாமியாருக்குக் கடைசி வரை பார்த்தது எல்லாம் அம்மா. 1971 டிசம்பரில் பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி கேட்கப் போவாராம். தந்திக்காரர் தெருவுக்குள் சைக்கிளில் நுழைந்தால் அவர் எந்த வீட்டைத் தாண்டிப் போகிறார் என்று கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். கடை வந்த பிறகு விடியற்காலையில் வத்தலும் பூண்டும் அரைத்தது அம்மா. கிரைண்டர் வாங்கும் வரை ஆட்டுக்கல்தான். வத்தல் எரிச்சலுக்குக் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்கள். இப்போதும் நான் கேட்டால் அளவு சொல்வார்கள், படியில்தான் சொல்வார்கள், கிராமில் சொல்லத் தெரியாது. அளவு மலரில் வர வேண்டுமா என்று கேட்டேன். "போடு. நாலு பேரு பொழைக்கட்டும்" என்றார்கள்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். வருட வரிசையில் 1936-லிருந்து எழுதிக்கொண்டே போகிறேன். எதற்கு எவ்வளவு பக்கம் என்று முன்கூட்டியே பிரிக்கப் போவதில்லை. பட்டாளப் பகுதியை மூத்த அண்ணனே எழுதட்டும் என்று சொன்னேன். அப்பா லீவில் வரும்போது ரயில் நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்த ஞாபகம் அவருக்குத்தான் இருக்கிறது. சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

ஒரு வேண்டுகோள். கடையின் பழைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எல்லாப் படத்திலும் அவர் சீருடையில்தான் இருக்கிறார், அல்லது கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டியில் இருக்கிறார். எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ சாத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால், பின்னணியில் பச்சைத் தட்டிப் பந்தல் போட்ட கடை தெரிகிறதா என்று பாருங்கள். கொட்டானில் ஒட்டிக் கொடுத்த மஞ்சள் சீட்டு யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

வைப்பாற்றங்கரை:

தாராளமாக என் பெயரைப் போடுங்கள் அக்கா. படம் என்னிடம் இல்லை. ஆனால் எங்கள் செட்டில் ஒருத்தன் அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் வேலை பார்த்தான், திருவிழாக் கூட்டத்தை எல்லாம் எடுப்பான். நெகட்டிவ் வைத்திருக்கிறானா என்று ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன்.